கிடேரிக் கன்றுகளில் எதைப் பண்ணைக்கு நிறுத்துவது, எதைக் கொடுப்பது?

கறவைக்காடு

வணக்கம். நாமக்கல் பக்கம் 20 கறவை மாடுகள். 14 ஜெர்சி கலப்பு, 6 எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் பிரீசியன்) கலப்பு. 2 மாதம் முதல் 11 மாதம் வரை 9 கிடேரிக் கன்றுகள், அதாவது பெண் கன்றுகள், நிற்கின்றன. தீவனமும் கொட்டகையும் 5 கன்றுக்குத் தாங்கும், இழுத்துப் பிடித்தால் 6. கழிகிற மாடுகளுக்குப் பதிலாக இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். விவரம் தெரிந்தவை இவை:

செவலை, 11 மாதம். தாய் உச்சத்தில் 16 லிட்டர், மூன்று ஈத்து ஆகிறது, அதாவது மூன்று முறை ஈன்றுவிட்டது. ஒவ்வொரு ஈத்திலும் மடிநோய், பின் இடது காம்பு அடைத்தே போய்விட்டது.

காரி, 8 மாதம், எச்.எஃப். தாய்க்கு 75 சத எச்.எஃப். ரத்தம், 18 லிட்டர், ஆனால் 17 மாதத்துக்கு ஒருமுறைதான் ஈனுகிறது.

சந்தனம், 9 மாதம். தாய் 11 லிட்டர்தான். ஆறு ஈத்து, 13 மாதத்துக்கு ஒரு கன்று, மருந்துச் செலவு கிடையாது.

நெத்திச்சுட்டி, 5 மாதம். தலை ஈத்துக் கன்று, பிறந்தபோது 19 கிலோ. தாய் உச்சம் 10 லிட்டர்.

இரட்டைக் கிடேரி, 3 மாதம். கூடப் பிறந்தது காளைக்கன்று. தாய் 13 லிட்டர்.

மற்ற நான்கின் தாய்களும் 9 முதல் 11 லிட்டர். அதில் ஒரு கன்றுக்கு ஐந்து காம்பு இருக்கிறது.

ஈத்துக்கணக்கு

எதை நிறுத்துவது என்பதற்கு முன்னால் எத்தனை நிறுத்துவது என்று பாருங்கள். நன்றாக நடக்கிற 20 மாட்டுப் பண்ணையில் வருடத்துக்கு 4 முதல் 5 மாடு கழியும். ஈத்து இடைவெளி சராசரி 14 மாதம் என்றால் வருடத்துக்கு 17 ஈத்து, அதில் 8 அல்லது 9 கிடேரி. கன்றுச் சாவு, சினை பிடிக்காதது, கருச்சிதைவு எல்லாம் போக 7 தான் கறவைக்கு வந்து நிற்கும். 7இல் 4 அல்லது 5 எடுக்கிறீர்கள். ஆக நீங்கள் செய்வது மோசமான இரண்டு மூன்றைக் கழிப்பதுதான். இந்த எண்ணிக்கையில் அதற்கு மேல் இடமில்லை.

ஈத்து இடைவெளியை 13 மாதமாகக் குறைத்தால் வருடத்துக்கு ஒன்றேகால் கன்று கூடும். இளங்கன்றுச் சாவைக் குறைத்தால் இன்னொன்று. தேர்ந்தெடுக்கக் கை விரிவது அப்படித்தான். 6 நிறுத்துங்கள். 5 நிறுத்தினால் ஒன்று சினை பிடிக்காமல் போனாலே துண்டு விழும்.

மேய்ச்சல்பாதை

இரட்டைக் கிடேரிக்கு இனித் தீவனம் செலவழிக்காதீர்கள். காளைக்கன்றோடு சேர்ந்து பிறந்த கிடேரிகளில் நூற்றுக்கு 90க்கு மேல் மலடுதான். கருப்பையில் இரண்டு நஞ்சுக்கொடியின் ரத்தக் குழாய்களும் இணைந்து, காளையின் ஹார்மோன் கிடேரிக்கும் போய்விடுகிறது. அதனால் கருப்பையும் சினைப்பையும் ஒழுங்காக வளர்வதில்லை. வெளியே பார்த்தால் நல்ல கிடேரி மாதிரியே இருக்கும், அங்கேதான் ஏமாற்றம்.

கால்நடை_டாக்டர்

அதைச் சோதிப்பது சுலபம். பிறந்த சில வாரங்களில் சாதாரணக் கிடேரியின் யோனிக்குள் வழவழப்பான மொட்டைக் குழாய் 12 முதல் 15 செ.மீ. வரை போகும். மலட்டுக் கன்றில் 5, 6 செ.மீ.யிலேயே நின்றுவிடும். யோனி இதழின் கீழ்முனையில் நீளமாக முடிக்கற்றை, பெருத்த கிளிட்டோரிஸ் இருந்தால் சந்தேகம் கூடும். நீங்களாகச் செய்ய வேண்டாம், அழுத்தினால் கிழிந்துவிடும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் செய்து தருவார்கள். காளைக்கன்று பிறந்தவுடன் செத்துப்போயிருந்தாலும் இதே கதைதான் என்பதை மறக்க வேண்டாம்.

பால்பதிவு

16 லிட்டர், 18 லிட்டர் என்ற எண்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

முதலாவது, ஈத்துக்கு ஈத்து ஒப்பிட முடியாது. தலை ஈத்தில் மாடு தன் முழு அளவில் முக்கால் பங்குதான் கறக்கும். நெத்திச்சுட்டியின் தாய் தலை ஈத்தில் 10 லிட்டர் என்றால், நான்காவது ஈத்தில் 13 லிட்டர் மாட்டுக்குச் சமம். உங்கள் பட்டியலில் அதைக் கீழே வைத்திருக்கிறீர்கள். உண்மையில் அது சந்தனத்தின் தாயை விட மேல்.

இரண்டாவது, தாயின் கூடுதல் பால் அப்படியே கன்றுக்கு வராது. உச்சத்தை 200ஆல் பெருக்கினால் ஒரு ஈத்தின் 305 நாள் பால் ஏறத்தாழக் கிடைக்கும். பண்ணைச் சராசரி 11 லிட்டர் என்றால் 2,200. செவலையின் தாய் 3,200. கூடுதல் 1,000 லிட்டர். பாலின் மரபுத்தன்மை கால் பங்கு அளவுதான், மீதி தீவனம், பராமரிப்பு, வெயில். மூன்று ஈத்துக் கணக்கும் கையில் இருந்தால் நம்பகம் கூடி 0.375 என்று எடுக்கலாம். 1,000 × 0.375 = 375. அதில் பாதிதான் கன்றுக்கு: சுமார் 188 லிட்டர். ஒரே ஈத்துக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் 125.

ஒரு ஈத்துக்கு 188 லிட்டர் என்பது நல்ல தொகைதான். ஆனால் நீங்கள் நினைத்த 1,000 இல்லை.

உச்சத்தை மட்டும் எழுதுவதை விட்டு, மாதம் ஒரு நாள் காலையும் மாலையும் கறந்ததை எடை போட்டு 30ஆல் பெருக்கி எழுதுங்கள். பத்து மாதம் எழுதினால் அந்த ஈத்து முழுதும் கையில் வந்துவிடும். உச்சத்தில் 16 கறந்து நான்காம் மாதமே 7க்கு இறங்குகிற மாடும், 12 கறந்து எட்டு மாதம் 9லேயே நிற்கிற மாடும் ஒன்றல்ல.

கொங்குத்தொழுவம்

தலை ஈத்துக் கன்றை நிறுத்தக் கூடாது என்றுதானே எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள்? கன்று சிறுத்துப் பிறக்கும், சீம்பாலும் கம்மி.

ஈத்துக்கணக்கு

சிறுத்துப் பிறப்பது உண்மை. சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சத்து குறைவதும் உண்மை, அந்தக் கன்றுக்கு வயதான மாட்டின் சீம்பாலை உறைய வைத்திருந்து கொடுத்தால் சரியாகிவிடும். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் போக வேண்டும், அதில் பாதி இரண்டு மணி நேரத்துக்குள்.

ஆனால் ரத்தம் என்று பார்த்தால் கதை வேறு. வருடாவருடம் தேர்ந்த காளைகளின் சினை ஊசி போடும் பண்ணையில் இளைய மாடுதான் மேலான காளைக்குப் பிறந்தது. அதன் கன்று இன்னும் ஒரு படி மேல். தலை ஈத்துக் கன்றுகளையெல்லாம் ஒதுக்கினால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பின்னால்தான் நடக்கிறோம். கிடேரிக்குச் சின்ன கன்று போடும் காளை என்று பார்த்து ஊசி போடுவதால் பிறப்பு எடை குறைந்ததே தவிர, அது குறை அல்ல.

கொங்குத்தொழுவம்

சரி, இது யோசிக்க வேண்டிய விஷயம்தான். அப்படியானால் காளை எது என்று தெரியாமல் இதைச் சொல்ல முடியாதே?

பால்பதிவு

அதுதான் இந்த இழையில் யாரும் கேட்காத கேள்வி. கன்றின் பாதி காளையிடமிருந்து வருகிறது, நாம் பேசுவது முழுக்கத் தாயைப் பற்றி. கறவைக்காடு, சினை ஊசி போட்டதும் விந்து இருந்த குழலைத் தூக்கி எறிய விடாதீர்கள். குழலின் மேல் காளை எண், இனம், உறைவித்த தேதி எல்லாம் அச்சடித்திருக்கும். அதைத் தாயின் காது வில்லை எண்ணோடு சேர்த்து நோட்டில் ஒட்டி வையுங்கள். 12 இலக்கக் காது வில்லை போட்ட மாட்டுக்கு ஊசி விவரத்தை அரசுப் பதிவிலும் ஏற்றுவார்கள், ஆனாலும் உங்கள் கையில் ஒரு பிரதி இருக்கட்டும்.

எண் தெரியாவிட்டால் வரும் கெடுதி இரண்டு. நல்ல காளையின் மகள்களை அடையாளம் காண முடியாது. அதை விட மோசம், அதே காளையின் ஊசி அதன் மகளுக்கே விழுந்துவிடும். அப்பன்–மகள் இணைவில் உள்ளினப் பெருக்கம் 25 சதம், ஒரே அப்பனுக்குப் பிறந்த இரண்டுக்கு 12.5 சதம். கன்றுச் சாவு, சினை தங்காமை, பால் குறைவு எல்லாம் அங்கிருந்து ஆரம்பிக்கும். ஊசி போடுபவர் ஒரு காளையின் குழல்களையே மொத்தமாக வாங்கி வைத்துக் கொண்டு மூன்று வருடம் ஊர் முழுக்கப் போட்டால் இது தானாக நடந்துவிடும்.

கறவைக்காடு

நோட்டில் பார்த்தேன். நெத்திச்சுட்டி, சந்தனம், காரி மூன்றுக்கும் காளை எண் இருக்கிறது. காரிக்குச் சுத்த எச்.எஃப். காளை. செவலைக்கும் மற்றவைக்கும் இல்லை.

பெரியவர்கள் ஒரு கன்றில் பாடைச்சுழி, அதாவது கெட்ட சகுனம் என்கிற முடிச்சுழி, இருக்கிறது, அதைக் கொடுத்துவிடு என்கிறார்கள். இதையும் பார்க்க வேண்டுமா?

மேய்ச்சல்பாதை

சுழிக்கும் பாலுக்கும் சினைக்கும் தொடர்பில்லை. ஆனால் சந்தையில் விற்கப் போனால் பாடைச்சுழி, துடைப்பச் சுழி என்று சொல்லி விலையை இறக்குவார்கள். ஆகவே அதை வீட்டில் வைத்துக் கறப்பதுதான் லாபம். வேறு குறை இல்லையென்றால் நிறுத்துங்கள்.

கால்நடை_டாக்டர்

காரியைப் பற்றி. தாய் 75 சதம், காளை சுத்த எச்.எஃப். என்றால் காரி 87.5 சதம். நாமக்கல் ஏப்ரல், மே வெயிலில் இந்த ரத்தம் தாங்காது. வாயைத் திறந்து மூச்சிரைக்கும், தீவனம் குறையும், சினைப்பருவ அறிகுறி மங்கிப் போகும். தாயின் 17 மாத இடைவெளிக்கு முக்கால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பகுதிக்கு எச்.எஃப். என்று வைத்ததே இதற்காகத்தான்.

கன்றைக் கழிக்கச் சொல்லவில்லை. ரத்தத்தை இறக்குங்கள். காரிக்கு 50 சதக் கலப்பினக் காளையின் ஊசி போட்டால் அதன் கன்று 68.75 சதம் வரும், அந்தக் கன்றுக்கும் அதே மாதிரி போட்டால் 60க்குக் கீழே வந்துவிடும். சமவெளிக்கு 50 முதல் 62.5க்குள் நிற்பதே நல்லது. ஒவ்வொரு தடவையும் சுத்தக் காளை ஊசி போட்டுக் கொண்டே போனால் 93, 96 என்று ஏறும். பால் காகிதத்தில் ஏறும், தொழுவத்தில் ஏறாது.

நாட்டுமாடு_காங்கயம்

இதே கேள்வி காங்கயம் மந்தைக்கு என்றால் பதில் வேறு, ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அங்கே பாலைக் கடைசியில் பாருங்கள். வருடம் தவறாமல் ஈனும் தாய், நேரான கால், கருங்குளம்பு, கொரங்காடு என்கிற வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லோடு உடம்பு விடாமல் நிற்பது, இவைதான். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாதத்தில் சாம்பலாக மாறும், அதைப் பார்த்துக் கலப்பு என்று கழித்துவிடக் கூடாது. மந்தை சிறியது என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஒரே பொலிகாளையை வைத்திருக்காதீர்கள்.

தீவனத்தட்டு

கன்றுகளின் எடை தெரியாமல் என்ன பேசுகிறோம்? தராசு வேண்டாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம். சுற்று × சுற்று × நீளம் ÷ 660. வருவது கிலோ. தலை நிமிர்ந்து நான்கு காலும் சமமாக நிற்கும்போது, காலையில் தண்ணீர் காட்டும் முன் எடுக்க வேண்டும்.

ஜெர்சி கலப்புக்கு முதல் சினை ஊசிக்கு 220 முதல் 230 கிலோ, எச்.எஃப். கலப்புக்கு 250 முதல் 280. அதாவது வளர்ந்த மாட்டின் எடையில் 60 முதல் 65 சதம். வயதைப் பார்த்து ஊசி போடாதீர்கள், எடையைப் பாருங்கள். 25 கிலோவில் பிறந்த கன்று தினம் 450 கிராம் ஏறினால் 15 மாதத்தில் 227 கிலோ. 300 கிராம்தான் ஏறினால் அதே எடைக்கு 22 மாதம் ஆகும். ஏழு மாதத் தீவனம் வீண்.

மறுபக்கமும் இருக்கிறது. 3 மாதத்திலிருந்து 9 மாதம் வரை புண்ணாக்கும் அரிசியும் திணித்துக் கொழுக்க வைத்தால் மடியில் பால் சுரப்பிக்குப் பதில் கொழுப்பு சேரும். அந்தக் கிடேரி பார்வைக்கு அழகாக இருந்து பாலில் கைவிடும். 6 மாதத்துக்கு மேல் 1.5 கிலோ அடர்தீவனம், 10 முதல் 12 கிலோ பசுந்தீவனம், அதில் கால்வாசி வேலிமசால் அல்லது குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனம், 20 கிராம் தாது உப்பு. இதுவே போதும்.

கறவைக்காடு

நாடா பிடித்துவிட்டேன்.

செவலை: சுற்று 48, நீளம் 42. 147 கிலோ.
சந்தனம்: 47, 41. 137 கிலோ.
காரி: 46, 40. 128 கிலோ.
நெத்திச்சுட்டி: 40, 33. 80 கிலோ.

இரட்டைக் கிடேரியை மருந்தகத்தில் பார்த்தார்கள். 6 செ.மீ.தான் போனது.

செவலைக்கு வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கிறது. அதன் தாயின் மடி பின்னங்காலின் நடு மூட்டான கணுக்காலுக்குக் கீழே தொங்குகிறது.

தீவனத்தட்டு

நெத்திச்சுட்டியைப் பாருங்கள். 19 கிலோவில் பிறந்து 150 நாளில் 61 கிலோ ஏறியிருக்கிறது, தினம் 400 கிராமுக்கு மேல். செவலை 25 கிலோவில் பிறந்தது என்று வைத்தால் 335 நாளில் 122 கிலோ, தினம் 364 கிராம். சிறுத்துப் பிறந்ததுதான் முந்துகிறது. செவலைக்குக் குடற்புழு, சாணப் பரிசோதனை செய்து மருந்து கொடுங்கள். பிறந்த 10ஆம் நாள், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு தவறியிருக்க வேண்டும். இப்போதிருந்து 450 கிராம் ஏற்றினால் 225ஐத் தொட ஆறு மாதம், 17ஆம் மாதத்தில் ஊசி போடலாம்.

பால்பதிவு

செவலையை நிறுத்துவேன். 188 லிட்டர் கூடுதல் சும்மா வராது. மடிநோய் கறப்பவர் கை, தரை ஈரம், வற்றுக்கால மருந்து போடாதது இவற்றால் வருவது. அதன் மரபுத்தன்மை மிகக் குறைவு.

கால்நடை_டாக்டர்

மடிநோய் மரபில் குறைவாக வரும், மடியின் அமைப்பு அப்படியல்ல. மூன்றாவது ஈத்திலேயே கணுக்காலுக்குக் கீழே தொங்கும் மடி என்றால் நடுவில் தாங்கும் தசைநார் தளர்ந்திருக்கிறது, அது மகளுக்கு வரக்கூடியது. தொங்கும் மடி சேற்றில் படும், மிதிபடும், அதிலிருந்துதான் மடிநோய். ஒருமுறை மடிநோய் என்றால் ஊசி போட்ட நாட்களும் மருந்துக் கழிவு நாட்களும் சேர்த்து ஒரு வாரப் பாலாவது கொட்ட வேண்டும். இரண்டு தடவை வந்தால் 188 லிட்டர் அங்கேயே போய்விடும், காம்பு போனால் நிரந்தர நஷ்டம்.

பால்பதிவு

கணக்கு ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் காளை நல்ல மடியைக் கொடுத்திருக்கலாம் அல்லவா? ஆறாவதாக வைத்துச் சினையாக்குங்கள். தலை ஈத்தில் மடியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் நடுவில் ஆழமான பிளவு தெரிய வேண்டும், காம்பு நுனி கணுக்காலுக்கு மேலே நிற்க வேண்டும், பின் காம்புகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. இல்லையென்றால் உள்ளதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அதன் கிடேரியை மட்டும் நிறுத்த வேண்டாம்.

சந்தைப்பேட்டை

இவ்வளவு சிரமத்துக்கு எல்லாக் கன்றையும் கொடுத்துவிட்டு, சிந்தாமணி, கோலார் பக்கம் போய்ச் சினைக்கிடேரியாக வாங்கி வந்தால் என்ன?

மேய்ச்சல்பாதை

வாங்கலாம், ஆனால் தாய், காளை விவரம் ஒன்றும் வராது. சந்தைக்கு வரும் மாட்டை முந்தின நாள் மாலையே கறக்காமல் மடி கட்டி நிறுத்துவார்கள், மடியைப் பார்த்துப் பாலைக் கணிக்க முடியாது. பல்லைப் பாருங்கள். இரண்டு பல் என்றால் இரண்டு, இரண்டரை வயது. கிடேரி என்று சொல்லி ஆறு பல்லைக் காட்டினால் அது சினை பிடிக்காமல் சுற்றி வந்தது. காம்பை விரலில் உருட்டிப் பாருங்கள், உள்ளே கயிறு போல் தட்டுப்பட்டால் ஒன்றையொன்று சப்பிக் கெட்ட காம்பு. கருச்சிதைவு நோய்க்கு (புரூசெல்லோசிஸ்) ரத்தப் பரிசோதனை செய்து முடிவு வந்த பிறகே பணம், வந்தபின் மூன்று வாரம் தனிக் கொட்டகை. சொந்தக் கன்று இருக்கிறபோது இது இரண்டாம் வழிதான்.

வேண்டுமானால் அந்தப் பணத்தில் பாலினம் பிரித்த சினை ஊசியைப் பாருங்கள். நூற்றுக்கு 90 கிடேரி பிறக்கும். ஒரு குழலில் உயிரணு எண்ணிக்கை குறைவு, அதனால் சினை பிடிப்பது சாதாரண ஊசியை விடக் குறையும். ஆகவே கிடேரிகளுக்கும், சினை சுலபமாகத் தங்கும் முதல் தரத் தாய்களுக்கும் மட்டும் போடுங்கள். மூன்று தடவை தவறிய மாட்டுக்குப் போட்டால் பணம் போகும்.

கறவைக்காடு

முடிவாக: நெத்திச்சுட்டி, சந்தனம், காரி உறுதி. செவலை ஆறாவது. இரட்டைக் கிடேரி போகிறது. மற்ற நான்கில் இரண்டு வேண்டும். அதில் பாடைச்சுழிக் கன்று எடையில் முதல், ஐந்து காம்புக் கன்று இரண்டாவது. ஐந்தாவது காம்பால் கெடுதி உண்டா?

கால்நடை_டாக்டர்

தனியாக, சின்னதாகப் பின்னால் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுத்துவிடலாம், இரண்டு மூன்று மாதத்துக்குள் செய்தால் வடுவும் தெரியாது. மற்றொரு காம்போடு ஒட்டியிருந்தால் கறவையில் பால் ஒழுகும், மடிநோய்க்கு வழி, அந்தக் கன்றை விடுங்கள். நான்கு காம்பில் எது என்று தெரியாமல் வெட்டிவிடுவது நடந்திருக்கிறது, ஆகவே படுக்கவைத்து வெளிச்சத்தில் பார்த்து அடையாளம் போட்ட பிறகே.

இன்னொன்று, இதைத் தள்ளிப் போட முடியாது. கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி கிடேரிக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே ஒருமுறை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். காளைக்கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக் கூடாது. தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, மனிதருக்கும் ஒட்டும், கையுறை இல்லாமல் யாரும் கன்றைப் பிடிக்க வேண்டாம். நெத்திச்சுட்டிக்கு 5 மாதம், நேரம் இருக்கிறது. காரிக்கு 8 மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரமே மருந்தகத்தில் சொல்லிவிடுங்கள். சந்தனத்துக்கும் செவலைக்கும் வயது தாண்டிவிட்டது. முன்பே போட்டிருந்தால் தேதியைத் தேடி எழுதி வையுங்கள், போடவில்லை என்றால் சினை ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கறவைக்காடு

செவலைக்குப் போட்ட தேதி நோட்டில் இருக்கிறது. சந்தனத்துக்கு இல்லை, ரத்தம் எடுக்கச் சொல்கிறேன். காரிக்கு நாளைக் காலை வரச் சொல்லியாயிற்று.